சார்லி பேர்ட்: நைலான் தந்தியில் ஜாஸ் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் கற்றுக்கொள்ளும் நண்பர்களிடம் சார்லி பேர்டின் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் "யார் அது?" என்பார்கள். மீதிப் பேர் "போசா நோவா ஆள்தானே?" என்பார்கள். பிரேசிலில் பிறந்த அந்த இசைப் பாணியின் ஆள்தான், தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் அவர் செய்த பெரிய காரியம் கண்ணில் படாமலே போய்விடும். கச்சேரி மேடைக்கென்று இருந்த நைலான் தந்திக் கிட்டாரை ஜாஸ் கிளப்புக்குள் கொண்டுவந்து, பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) தொடாமல் வெறும் விரலாலேயே நாற்பது வருடத்துக்கும் மேல் வாசித்தவர் அவர். இத்தனை வருடங்களில் அவரைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சார்லி பேர்டும் சார்லி பார்க்கரும் ஒருவரா?

இல்லை. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் பறவை என்ற பொருளில் 'பேர்ட்' என்று செல்லமாக அழைப்பார்கள். நம்முடைய சார்லிக்கு பேர்ட் என்பது குடும்பப் பெயர், ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு. டிரம்பெட் வாசித்த டொனால்ட் பேர்டும் வேறு ஆள். இணையத்தில் தேடும்போது கூடவே 'கிட்டார்' என்று சேர்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

எந்த ஊர்க்காரர்? முதலில் யாரிடம் கற்றார்?

1925 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சஃபோக்கில் பிறந்தார். வளர்ந்தது அதை ஒட்டிய சக்கடக் என்ற சின்ன ஊரில். அப்பா கடை வைத்திருந்தார். அவரே மாண்டலினும் கிட்டாரும் வாசிப்பார். பத்து வயதில் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் அவர்தான். அது எஃகுத் தந்திக் கிட்டார். வீட்டில் மொத்தம் நான்கு பையன்கள். அவர்களில் ஜோ பிற்காலத்தில் அண்ணனின் குழுவிலேயே பேஸ் வாசித்தார்.

1942இல் வர்ஜீனியா பாலிடெக்னிக்கில் சேர்ந்து கல்லூரி இசைக்குழுவில் வாசித்தார். அடுத்த வருடமே ராணுவ அழைப்பு வந்துவிட்டது.

போரில் இருந்தாரா?

இருந்தார். சண்டைக்களத்தையும் பார்த்தார். 1945இல் பாரிஸில் ராணுவத்தின் இசைக்குழு ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கேதான் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைக் கண்ணால் கண்டார்.

ஜாங்கோ யார் என்று தெரியாதவர்களுக்கு: ஐரோப்பாவின் ரோமா நாடோடிக் குடும்பத்தில் பிறந்த கிட்டார் கலைஞர். 1928இல் அவர் குடியிருந்த வண்டியில் தீப்பிடித்து இடக்கை கருகியது. அதன் பிறகு இரண்டு விரல்களை வைத்துக்கொண்டே தனி வாசிப்பையெல்லாம் பண்ணினார், அதுவும் மின்னல் வேகத்தில். கிட்டார் என்றால் பின்னால் உட்கார்ந்து தாளத்துக்குக் கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) போடும் வாத்தியம் என்றிருந்த காலத்தில் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர். இருபது வயதில் அப்படி ஒருவரை நேரில் கேட்டால் என்ன ஆகும்? பேர்டின் வாசிப்பில் கடைசிவரை ஜாங்கோவின் சாயல் உண்டு. குறிப்பாக ஒரு மெட்டை முடிக்கும் இடத்தில் சரசரவென்று மேலிருந்து கீழே இறங்கும் ஓட்டங்களில்.

ஜாஸ் பக்கம் போனவர் கிளாசிக்கலுக்கு ஏன் வந்தார்?

போர் முடிந்து திரும்பியதும் நியூயார்க்கில் ஹார்னெட் இசைப்பள்ளியில் இசையமைப்பும் ஜாஸ் இலக்கணமும் படித்தார். கிளாசிக்கல் கிட்டார் ஆசை அந்த நாட்களில்தான் பிடித்துக்கொண்டது. 1950இல் வாஷிங்டனுக்குக் குடிபோனார். அங்கே சோபோக்ளிஸ் பாப்பாஸ் என்ற கிரேக்க ஆசிரியர் இருந்தார். அமெரிக்காவில் கிளாசிக்கல் கிட்டாருக்கு ஆசிரியர் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது. பாப்பாஸ், கிட்டார் மேதை செகோவியாவின் நெருங்கிய நண்பர் வேறு.

1954இல் இத்தாலியின் சியனா நகருக்குப் போய் ஆந்த்ரே செகோவியாவிடமே பேர்ட் பாடம் கேட்டார். மதுக்கடைகளிலும் வீட்டு முற்றங்களிலும் கிடந்த கிட்டாரை பியானோவுக்கும் வயலினுக்கும் சமமாகக் கச்சேரி மேடையில் உட்காரவைத்தவர் செகோவியா. அப்படிப்பட்டவரிடம் படித்துவிட்டு வந்தால் எவரும் பாக் (Bach) போன்றவர்களின் கிளாசிக்கல் இசையை வாசித்துக்கொண்டு அந்த மேடையிலேயே இருந்துவிடத்தான் பார்ப்பார்கள். பேர்டுக்கு அப்போது 28 வயது. செகோவியா கொடுத்த கையை எடுத்துக்கொண்டு அவர் ஜாஸ் கிளப்புக்குத் திரும்பினார். அவர் வாழ்க்கையின் திருப்புமுனை என்று நான் சொல்வது இந்த முடிவைத்தான். ஊரெல்லாம் சொல்லும் 1962, அதாவது 'ஜாஸ் சம்பா' ஆல்பம் வந்த வருடம், இதற்கு அப்புறம் வந்தது.

நைலான் தந்தியில் விரலால் வாசிப்பதில் அப்படி என்ன வித்தியாசம்?

நிறைய. ஜாஸ் கிட்டார்காரர்கள் பெரும்பாலும் எஃகுத் தந்தியை பிக் வைத்து, ஆம்ப்ளிபையர் வழியாக வாசிப்பவர்கள். பிக் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் ஓட்டம் ஒற்றைக் கோடாக வரும். சாக்ஸபோன்காரரின் மூச்சு மாதிரி நீண்டு, வேகமாக, கூர்மையாக. கார்டு போட்டால் எல்லாத் தந்தியும் ஒரே வீச்சில் ஒலிக்கும்.

விரலில் வாசிப்பவருக்குக் கட்டைவிரல் தனி ஆள், மற்ற மூன்று விரல்கள் தனி ஆள். கீழ்த்தந்தியில் பேஸ் நடந்துகொண்டே இருக்க, மேலே மெட்டு போகும், நடுவில் வேறொரு சின்ன மெட்டு குறுக்கே வரும். கார்டின் நான்கு சுரங்களையும் ஒரே நேரத்தில் பறிக்கலாம், பியானோவில் நான்கு விரல் ஒரே நேரம் விழுவதுபோல. நகத்தின் எந்த ஓரம் தந்தியில் படுகிறது, தந்திகள் கட்டப்பட்ட பாலத்துக்குப் பக்கத்தில் வாசிக்கிறாரா கிட்டாரின் ஒலித்துளைக்கு மேலே வாசிக்கிறாரா என்பதை வைத்து ஒரே சுரம் வெண்கலமாகவும் ஒலிக்கும், வெண்ணெயாகவும் ஒலிக்கும்.

விலையும் உண்டு. நைலான் தந்திக்குச் சத்தம் குறைவு, சுரம் சீக்கிரம் அணைந்துவிடும். கண்ணாடிக் குவளைகளும் பேச்சும் இரைச்சலுமாக இருக்கும் கிளப்பில், பக்கத்தில் டிரம்ஸ் ஓட, இந்த வாத்தியத்தை வைத்து ப்ளூஸ் வாசிப்பது சாதாரண வேலை அல்ல. அதற்கு ஏற்ற குழு வேண்டும். டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ் எடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

அந்தக் குழு எப்படிக் கிடைத்தது?

1957இல் வாஷிங்டனின் சிறு கிளப் ஒன்றில் பேஸ் கலைஞர் கீட்டர் பெட்ஸைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்து, அந்த வருடமே ஷோபோட் லவுஞ்ச் என்ற கிளப்பில் நிலைகொண்டார்கள். நைலான் தந்தி, டபுள் பேஸ், டிரம்ஸ். இந்த மூவர் அணி வாஷிங்டன்காரர்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. ஒரே இரவில் பாரம்பரிய ஸ்பானிய உருப்படியும் வரும், டியூக் எலிங்டனும் வரும், ப்ளூஸும் வரும். 1959இல் ஜாஸ் குழுத் தலைவர் வுடி ஹெர்மனின் குழுவோடு சேர்ந்து ஐரோப்பா சுற்றிவிட்டும் வந்தார்கள்.

போசா நோவா எப்படி அவர் காதில் விழுந்தது?

வாஷிங்டன் வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திய பீலிக்ஸ் கிராண்டுக்கு பிரேசிலில் தொடர்புகள் இருந்தன. அவர் வழியாகத்தான் முதலில் பேர்டுக்கு அந்த இசைத்தட்டுகள் அறிமுகமாயின. பிறகு 1961இல் அமெரிக்க வெளியுறவுத் துறை, பேர்டின் மூவர் அணியை லத்தீன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பியது. பிரேசிலும் அதில் உண்டு. இசைத்தட்டில் கேட்டதை அங்கே வாசிப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்க முடிந்தது. டிரம்ஸ் வாசித்த பட்டி டெப்பன்ஷ்மிட் உள்ளூர் இளைஞர்களோடு உட்கார்ந்து அவர்களின் தாளத்தைக் கை படியும்வரை கற்றுக்கொண்டார்.

திரும்பி வந்தபோது பேர்டின் கையில் பிரேசில் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜோவாவ் ஜில்பெர்டோவின் பாட்டுகளும் இசையமைப்பாளர் அன்டோனியோ கார்லோஸ் ஜோபிமின் மெட்டுகளும் இருந்தன. ஷோபோட்டில் சந்தித்த சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸை வீட்டுக்கு அழைத்து அவற்றைப் போட்டுக் காட்டினார். கெட்ஸுக்குப் பிடித்துப்போய், வெர்வ் இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் கிரீட் டெய்லரிடம் விஷயம் போனது.

'ஜாஸ் சம்பா' ஆல்பம் ஒரு தேவாலயத்தில் பதிவானது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1962 பிப்ரவரி 13. வாஷிங்டனில் ஆல் சோல்ஸ் யூனிடேரியன் தேவாலயத்தைச் சேர்ந்த பியர்ஸ் ஹால். ஸ்டுடியோவுக்குப் போகாமல் அங்கே போனதற்குக் காரணம் அந்தக் கூடத்தின் எதிரொலி. நைலான் தந்திக்கு இயல்பான அறை ஒலி மிக முக்கியம். ஆல்பத்தை நல்ல ஹெட்போனில் கேட்டால் கிட்டாரைச் சுற்றி ஒரு காற்று இருப்பது தெரியும்.

கெட்ஸ், பேர்ட், கீட்டர் பெட்ஸ், தம்பி ஜோ, டிரம்ஸில் டெப்பன்ஷ்மிட்டும் பில் ரைக்கன்பாக்கும். ஏழு உருப்படிகள், ஒரே நாளில் முடிந்தது. அந்த ஏழில் 'சம்பா டீஸ் டேஸ்' பேர்ட் எழுதியது. மற்றவை பிரேசில்காரர்களின் மெட்டுகள். ஏப்ரலில் வெளியானது. 1963 மார்ச்சில் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பாப் ஆல்பம் பட்டியலில் முதலிடம். ஜாஸ் பட்டியலில் அல்ல, பாப் பட்டியலில். பாடகர் இல்லாத ஒரு ஜாஸ் ஆல்பத்துக்கு அது கிடைத்தது என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

போசா நோவாவைக் கிட்டாரில் எப்படி வாசிக்கிறார்கள்?

சம்பா என்பது தெருவில் ஏராளமான தோல் வாத்தியங்களோடு நடக்கும் கொண்டாட்டம். ஜில்பெர்டோ அந்த ஊர்வலம் முழுவதையும் ஒரு கிட்டாருக்குள் மடித்து வைத்தார். கட்டைவிரல் கீழ்த்தந்தியில் சீராக விழும், சுர்டோ என்ற பெரிய முரசு மாதிரி. மற்ற மூன்று விரல்களும் கார்டைப் பறிக்கும், ஆனால் அடியில் அல்ல, அடிக்குக் கொஞ்சம் முன்னாலும் இடையிலும். சின்னக் கைப்பறையான டாம்போரிமின் நடை அது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: கட்டைவிரல் தாளம் போடும் கை, மற்ற விரல்கள் எடுப்பு தள்ளிப் பாடும் பாட்டு.

நான் இதைப் பழகியபோது கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றையொன்று பிடித்து இழுக்காமல் பிரிய மூன்று வாரம் ஆனது. நான்காவது வாரம் ஒரு காலை கை தானாகவே அதைச் செய்தது. அன்றைக்குத்தான் பேர்டுக்கு இந்த இசை ஏன் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது என்று புரிந்தது. பிரேசிலின் இந்த இசை பிறந்ததே விரலுக்கும் நைலான் தந்திக்கும். பிக் பிடித்த அமெரிக்க ஜாஸ் கிட்டார்காரர்கள் அதற்காகத் தங்கள் கையையே மாற்ற வேண்டியிருந்தது. பேர்டின் கை பாப்பாஸிடமும் செகோவியாவிடமும் படித்து எப்போதோ தயாராக இருந்தது.

'தெசாஃபினாடு' என்றால் என்ன பொருள்?

சுருதி விலகியது என்று பொருள். ஜோபிமும் நியூட்டன் மென்டோன்சாவும் சேர்ந்து எழுதிய பாட்டு, ஜாஸ் சம்பாவில் இருக்கிறது. "நான் சுருதி சேராமல் பாடுகிறேன் என்கிறாயே" என்று காதலியிடம் வருந்துவதாகப் பாட்டு தொடங்கும். வேடிக்கை என்னவென்றால் மெட்டிலேயே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். முதல் வரி முடியும் இடத்தில் காது எதிர்பார்க்கும் சுரத்தில் உட்காராமல் அரைச் சுரம் விலகி உட்காரும். முதல் தடவை கேட்கும்போது தப்பு மாதிரி இருக்கும், பத்தாவது தடவை அது இல்லாமல் பாட்டே இல்லை என்று தோன்றும்.

இந்தப் பாட்டின் சுருக்கிய வடிவம் தனி இசைத்தட்டாக வந்து பெரிய வெற்றி பெற்றது. கெட்ஸுக்கு கிராமி விருதும் கிடைத்தது. வானொலியில் ஓட நேரம் குறைக்க வேண்டும் என்று அந்தச் சுருக்கத்தில் பேர்டின் தனி வாசிப்பை வெட்டிவிட்டார்கள். ஆல்பத்தில் முழுதாக இருக்கிறது, அதையே கேளுங்கள்.

அப்படியானால் போசா நோவாவை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் பேர்ட்தானா?

தனியாக ஒருவர் பெயரைச் சொல்வது சரியாகாது. பிரேசில் கிட்டார் கலைஞர் லாரிண்டோ அல்மேடா 1947இலேயே அமெரிக்கா வந்துவிட்டார். 1953இல் பட் ஷாங்க் என்ற சாக்ஸபோன் கலைஞரோடு சேர்ந்து பிரேசில் தாளத்தையும் ஜாஸையும் கலந்து பதிவு செய்தார். போசா நோவா என்ற பாணி அப்போது பிறந்திருக்கவில்லை, ஆனாலும் பாதை போட்டவர் அவர். ஜாஸ் சம்பாவின் தாளத்துக்கோ டெப்பன்ஷ்மிட் பட்ட பாடு பெரிது. அவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்று நானும் நினைக்கிறேன்.

ஆனால் அமெரிக்காவில் சாதாரண மக்கள் காதில் அது விழுந்தது ஜாஸ் சம்பாவால்தான். அந்த ஆல்பத்துக்கு வித்திட்டவர் பேர்ட். கெட்ஸுக்கு அதைக் கேட்கக் கொடுத்தவர் அவர், பதிவான ஊர் அவருடையது, வாசித்த குழு அவருடையது. இது என் துணிவான கருத்து.

பணத்துக்காக வழக்கு நடந்ததாமே?

ஆம். ஆல்பம் லட்சக்கணக்கில் விற்க, பெயரும் பணமும் பெரும்பாலும் கெட்ஸ் பக்கமே போனது. 1967இல் பேர்ட், கெட்ஸ் மீதும் வெர்வின் உரிமையாளரான எம்.ஜி.எம். மீதும் வழக்குப் போட்டார். தன் பங்களிப்புக்கு நியாயமான கூலி தரப்படவில்லை என்பது வாதம். ஜூரி அவர் பக்கம் நின்று, ஆல்பத்தின் ராயல்டியில் பாதியை அவருக்கு வழங்கியது.

'இப்பனீமா பெண்' பாட்டில் வாசித்திருப்பவர் இவர்தானா?

இல்லை. அது 1964இல் வெளிவந்த கெட்ஸ்-ஜில்பெர்டோ ஆல்பம். கிட்டார் ஜோவாவ் ஜில்பெர்டோ, பியானோ ஜோபிம். பேர்டுக்கு அதில் இடமில்லை.

அப்புறம் என்ன செய்தார்?

வாசித்துக்கொண்டே இருந்தார். ரிவர்சைட், கொலம்பியா நிறுவனங்களுக்குத் தொடர்ந்து ஆல்பங்கள் செய்தார். கொலம்பியா காலத்தில் பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு நடுவே கிட்டாரை வைத்த ஆல்பங்கள் சில எனக்கு ஒட்டவில்லை. அந்தக் கையை மூவர் அணியில் கேட்டுவிட்டு, பின்னால் வயலின்கள் வழிய வழியக் கேட்பது சர்க்கரைப் பொங்கலில் மேலும் பாகு ஊற்றுவது போல.

1973இல் ஒரு நல்ல திருப்பம். பார்னி கெஸல், ஹெர்ப் எல்லிஸ் இருவரோடும் சேர்ந்து 'கிரேட் கிட்டார்ஸ்' என்ற குழு. கெஸலும் எல்லிஸும் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் புகழ்பெற்ற மூவர் அணியில் ஒருவர்பின் ஒருவராக வாசித்தவர்கள், இருவருமே பிக்கும் மின்சாரக் கிட்டாரும். நடுவில் நைலான் தந்தியோடு பேர்ட். மூன்று கிட்டார் ஒரே மேடையில் வந்தால் பெரும்பாலும் சந்தைக்கடை ஆகிவிடும். இங்கே ஆகவில்லை, ஏனென்றால் பேர்டின் ஒலி வேறு நிறம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் வாசிக்கிறார் என்று சொல்லிவிடலாம். அதே வருடம் கிட்டார் மாணவர்களுக்காக ஒரு பாடப்புத்தகமும் எழுதினார்.

1980களில் லாரிண்டோ அல்மேடாவோடு சேர்ந்து ஆல்பங்கள் செய்தார். முன்னே பாதை போட்டவரும் அதில் தேர் ஓட்டியவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாசிக்கும் அந்தப் பதிவுகள் எனக்கு மிகவும் பிடித்தவை.

ஜாஸ்காரர்கள் அவரை முழு ஜாஸ் ஆள் இல்லை என்றார்களா?

சொன்னவர்கள் உண்டு. ஒற்றைச் சுர ஓட்டங்களில் கெஸலைப் போல அவருக்குத் துள்ளல் கிடையாது, சில இடங்களில் விறைப்பாகவே இருக்கும். அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கிளாசிக்கல் பக்கத்திலோ, கிளப்பில் வாசிப்பவர் என்ற பார்வை. ஆனால் அவர் ஒரு மெதுவான பாட்டைத் தனியாக, துணை இல்லாமல் வாசிக்கும்போது இந்த இரண்டு புகாரும் பொருளில்லாமல் போகும். நடுக்குரல் அசையும் விதம் கிளாசிக்கல். அடுத்த கார்டுக்குப் போகும் வழியைத் தேடும் மனோதர்மம் ஜாஸ். இதில் எது எங்கே முடிகிறது என்று என்னால் கோடு கிழிக்க முடியவில்லை.

கடைசிக் காலம்?

1973இல் மேரிலாந்தின் அனாபொலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். செசபீக் விரிகுடாக் கரை, படகுகளின் ஊர். அவருக்கும் படகுப் பைத்தியம் உண்டு. அங்கே மேரிலாந்து இன் என்ற 18ஆம் நூற்றாண்டு விடுதியின் அடித்தளத்தில் கிங் ஆஃப் பிரான்ஸ் டாவர்ன் என்ற கிளப். அந்த வருடம் தொடங்கி இறக்கும்வரை அதுதான் அவர் வீட்டு மேடை. பாப் பட்டியலில் முதலிடம் பார்த்தவர், நிலவறையில் சில மேசைகளுக்கு முன்னால் கால் நூற்றாண்டு வாசித்தார். 1999 டிசம்பர் 2 அன்று, 74 வயதில், நுரையீரல் புற்றுநோயால் அனாபொலிஸ் வீட்டில் காலமானார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஜாஸ் சம்பாவிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் முதல் பாட்டிலிருந்து வேண்டாம். 'சம்பா திரிஸ்டே'யைப் போடுங்கள். பேடன் பவெலும் பில்லி பிளாங்கோவும் எழுதியது, சோக சம்பா என்று பொருள். சாக்ஸபோனை விட்டுவிட்டுக் காதைக் கிட்டாரில் மட்டும் வையுங்கள். பிறகு 1963இல் வந்த 'பேர்ட் அட் தி கேட்', நேரடி நிகழ்ச்சிப் பதிவு, நைலான் தந்தி கிளப்பில் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதற்குச் சாட்சி. அப்புறம் அல்மேடாவோடு செய்த 'பிரேசிலியன் சோல்'. இரவில், விளக்கைக் குறைத்துவிட்டு, சத்தத்தையும் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். தந்தியில் நகம் உரசும் ஒலி அப்போதுதான் கேட்கும்.